கம்பி விலையும் கட்டுமானக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்டத் தொடங்கவிருப்பவர்களும் பொருள்களின் விலை குறித்து எழுதிய கடிதங்களிலிருந்து, பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தேர்ந்து, கேள்விகளைச் சுருக்கி, இங்கே விடை அளித்திருக்கிறோம். கணக்குகளில் வரும் விலைகள் வாசகர்கள் குறிப்பிட்டவை அல்லது எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. உங்கள் ஊரின் அன்றைய விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1,100 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,400 ரூபாய் என்று பொருளுடன் சேர்த்து ஒப்பந்தம் செய்தோம். அடித்தளமும் பிளிந்த் பீமும் (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் விட்டம்) முடிந்துவிட்டன. கம்பி கிலோ 58 ரூபாயிலிருந்து 64 ஆகிவிட்டது, சிமெண்ட்டும் மூட்டைக்கு 25 ரூபாய் ஏறிவிட்டது என்று கூறி, ஒப்பந்ததாரர் மேலும் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுகிறோம். இது நியாயமான தொகைதானா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நியாயமா இல்லையா என்பதைக் காகிதத்தில் பத்து நிமிடத்தில் கணக்கிட்டுவிடலாம். தரைத்தளம் மட்டும் கொண்ட சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ கம்பி ஆகும் என்பது கட்டுமானத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு. அதிகபட்சமாக நான்கு கிலோ என்றே கொண்டால், உங்கள் வீட்டுக்கு மொத்தம் 4,400 கிலோ. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடித்தளத்திலும் தூண் அடிப்பகுதியிலும் பிளிந்த் பீமிலும் ஏற்கெனவே போயிருக்கும். மீதமுள்ள சுமார் 3,000 கிலோவுக்குக் கிலோ ஆறு ரூபாய் கூடியிருந்தால் கூடுதல் செலவு 18,000 ரூபாய். சிமெண்ட் சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற கணக்கில் மொத்தம் 440 மூட்டை. இனி 350 மூட்டை தேவைப்படும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 25 ரூபாய் வீதம் 8,750 ரூபாய். இரண்டும் சேர்ந்து 26,750 ரூபாய்தான் வருகிறது. உங்கள் மண்ணின் தன்மையால் பொறியாளர் கனமான வடிவமைப்பைக் கொடுத்து, சதுர அடிக்கு ஐந்து கிலோ கம்பி ஆவதாகவே இருந்தாலும், இந்தத் தொகை இன்னும் ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு மேல் கூடாது.

அப்படியானால் எஞ்சிய ஒன்றே கால் லட்சத்துக்குக் காரணம் கம்பியும் சிமெண்ட்டும் அல்ல. கொத்தனார், சித்தாள் கூலி ஏறியிருக்கலாம். ஒரு வீட்டின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலிக்கே போகிறது என்பதால், அதன் ஏற்றம் கம்பி ஏற்றத்தைவிடக் கடுமையாக இருக்கும். அல்லது வேலையைப் பிடிப்பதற்காக முதலிலேயே விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். இந்த இரண்டையும் வெளிப்படையாகச் சொல்வதற்குக் கூச்சப்படும் ஒப்பந்ததாரர்கள், எல்லோருக்கும் தெரிந்த கம்பி விலையின் தலையில் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனவே அவரிடம் சண்டைக்குப் போகாமல், இனி வாங்க வேண்டிய கம்பியின் அளவையும் சிமெண்ட் மூட்டைகளின் எண்ணிக்கையையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அளவு எழுத்தில் வந்துவிட்டால் தொகை தானாகவே இறங்கும்.

சட்டப்படி பார்த்தால், விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாத நிலையில், பேசிய தொகைக்கு வேலையை முடித்துத் தரும் பொறுப்பு அவருடையதே. ஆனாலும் பாதியில் நின்ற வீட்டை வேறொருவரிடம் ஒப்படைப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதை எண்ணிப் பார்த்து, மெய்யாகவே ஏறிய தொகையை மட்டும் ரசீதைப் பார்த்துத் தர ஒப்புக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது என்று கருதுகிறேன்.

இனி ஒப்பந்தம் எழுதவிருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் ‘10 சி.ஏ.’ என்றொரு பிரிவு உண்டு. சிமெண்ட், கம்பி போன்ற சில பொருள்களுக்கு அடிப்படை விலை ஒன்றைக் குறித்துவைத்து, பின்னர் விலை ஏறினால் கூடுதலாகத் தருவதும் இறங்கினால் பிடித்துக்கொள்வதும் அந்தப் பிரிவின் ஏற்பாடு. அதையே சிறிய அளவில் நம் வீட்டுக்கும் எழுதிக்கொள்ளலாம்: “இந்த ஒப்பந்த நாளில் கம்பி கிலோ இவ்வளவு, சிமெண்ட் மூட்டை இவ்வளவு, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட் இவ்வளவு, ஐந்து சதவீதம் வரையிலான ஏற்ற இறக்கம் ஒப்பந்ததாரரைச் சேரும், அதற்கு மேற்பட்டது, ஏற்றமானாலும் இறக்கமானாலும், வீட்டு உரிமையாளரைச் சேரும், கணக்கு ரசீதின்படி.” ‘இறக்கமானாலும்’ என்ற ஒரு சொல்லை எழுத மறந்துவிடாதீர்கள். பேச்சில் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

கேள்வி: உலகச் சந்தையில் எஃகு விலை சரிந்தது என்று செய்தி வருகிறது, எங்கள் ஊர்க் கடையில் விலை அசையவே இல்லை. வேறு சில நேரங்களில் எந்தச் செய்தியும் இல்லாமலேயே ஏறிவிடுகிறது. மேலும், ஒரே 12 எம்.எம். கம்பிக்குப் பெரிய நிறுவனத் தயாரிப்புக்கும் உள்ளூர்த் தயாரிப்புக்கும் இடையே கிலோவுக்கு எட்டு ரூபாய் வரை வேறுபாடு ஏன்?
— வாசகர், பொன்னேரி

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கம்பி இரண்டு வழிகளில் பிறக்கிறது. டாடா, செயில், விசாகப்பட்டினம் உருக்காலை போன்ற பெரிய ஆலைகள் இரும்புத் தாதுவையும் கோக்கிங் நிலக்கரியையும் ஊதுலையில் இட்டு இரும்பை உருக்கி எடுக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களின் ஆலைகள் பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் (தாதுவை உருக்காமலே பெறும் இரும்பு) மின்தூண்டல் உலையில் உருக்கி, பில்லெட் எனும் கட்டைகளாக வார்த்து, கம்பியாக உருட்டுகின்றன.

முதல் வகையின் விலை ஆஸ்திரேலிய நிலக்கரியோடு கட்டுண்டது. நம் நாட்டின் கோக்கிங் நிலக்கரித் தேவையில் மிகப் பெரும்பகுதி இறக்குமதிதான். அதிலும் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அடுத்த மாதமே அந்த நிலக்கரி டன் 600 டாலரைத் தாண்டியது. ஏப்ரலில் பெரிய ஆலைக் கம்பிகள் நம் நாட்டில் டன் 75,000 ரூபாய்க்கு மேல் விற்றன. அப்போது வீடு கட்டியவர்கள் அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டார்கள். மத்திய அரசு 2022 மே 22 முதல் கம்பி உள்ளிட்ட பல எஃகுப் பொருள்களின் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்து, கோக்கிங் நிலக்கரியின் இறக்குமதி வரியையும் நீக்கியது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு உள்நாட்டிலேயே தங்கியதால் சில வாரங்களில் டன்னுக்குப் பல ஆயிரம் ரூபாய் இறங்கியது. அந்த ஏற்றுமதி வரி அதே ஆண்டு நவம்பர் 19-இல் நீக்கப்பட்டது. பின்னர் சீனா தன் நாட்டில் விற்காத எஃகை வெளியே தள்ளத் தொடங்கியது. 2024-இல் அதன் எஃகு ஏற்றுமதி 11 கோடி டன்னை எட்டியதால், உலகச் சந்தை முழுவதும் விலை அமுங்கியது. நிலக்கரியும் 2025-இல் 200 டாலருக்குக் கீழே வந்தது.

இரண்டாம் வகைக்கு ஆஸ்திரேலியாவில் என்ன நடக்கிறது என்பது நேரடிக் கவலை இல்லை. பழைய இரும்பின் விலை, டாலர் மதிப்பு, மின் கட்டணம் ஆகிய மூன்றும்தான் அதன் கவலை. ஒரு டன் இரும்பை உருக்கச் சுமார் 600 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதால், தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் உயர்ந்த மின் கட்டணம், செய்தித்தாளின் ‘எஃகுச் சந்தை’ப் பகுதியில் இடம்பெறாமலேயே கம்பியின் அடக்க விலைக்குள் புகுந்துவிட்டது. நீங்கள் சொல்லும் ‘செய்தி இல்லாத ஏற்றம்’ பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. கடைக்காரர்களின் பழக்கம் ஒன்றையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஆலை விலை ஏறினால் அன்று மாலையே பலகையில் எழுதிவிடுவார்கள், இறங்கினால், பழைய விலையில் வாங்கிவைத்த சரக்கு தீரும்வரை பலகை அப்படியே இருக்கும். இதை மோசடி என்று சொல்வதற்கில்லை, வணிகம்தான். பெரிய கடையில் சரக்கு விரைவாகத் தீர்வதால் இறக்கம் அங்கேதான் முதலில் தெரியும்.

விலை குறைவு என்பதற்காக உள்ளூர்க் கம்பியை ஒதுக்க வேண்டியதில்லை. பழைய இரும்பில் கலந்து வரும் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் மின்தூண்டல் உலையில் நீக்குவது கடினம் என்பது மெய். அதனால்தான் அந்தக் கம்பியை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் சோதனைச் சான்றிதழும் கட்டாயம் பார்க்க வேண்டும். உரிம எண் இன்னும் நடப்பில் உள்ளதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எவரும் சரிபார்க்கலாம். கம்பியின் தரக் குறியீடான ‘எஃப்.இ. 500 டி’ என்பதில் இறுதியாக வரும் ‘டி’, கம்பி முறியாமல் நீளும் தன்மையைக் குறிக்கிறது: சாதாரண 500 தரக் கம்பி குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500 டி கம்பி 16 சதவீதம் நீள வேண்டும். வீட்டுக்கு 500 டி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு கடையில் 8 எம்.எம். கம்பியை எடை போடாமல், ஒரு கம்பி 270 ரூபாய் என்று எண்ணிக்கைக்குத் தருகிறார்கள். எடைக்கு வாங்கினால் கிலோ 60 ரூபாய். எது இலாபம்?
— வாசகர், திருப்பூர்

பதில்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். கம்பி கட்டுபவர்கள் பலருக்கு மனப்பாடமான சூத்திரம் இது. கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். ஆகவே 8 எம்.எம். கம்பி 4.74 கிலோ இருக்க வேண்டும், 10 எம்.எம். 7.41 கிலோ, 12 எம்.எம். 10.67 கிலோ, 16 எம்.எம். 18.96 கிலோ. கிலோ 60 ரூபாய் வீதம் ஒரு 8 எம்.எம். கம்பிக்கு 284 ரூபாய் ஆகிறது. 270 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் 14 ரூபாய் இலாபம் போலத் தோன்றும்.

அந்த 270 ரூபாய்க் கம்பியை எடை போட்டுப் பாருங்கள். அது 4.3 கிலோதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு ஏறக்குறைய 62 ரூபாய் 80 காசு கொடுத்திருக்கிறீர்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஐ.எஸ். 1786 என்ற தரவரையறை, 10 எம்.எம். வரையிலான கம்பிகளின் எடை மொத்தச் சரக்கில் ஏழு சதவீதத்துக்கு மேல் குறையவோ கூடவோ கூடாது என்கிறது. 8 எம்.எம். கம்பிக்கு அந்தக் கீழெல்லை 4.41 கிலோ. 4.3 கிலோ என்பது அதற்கும் கீழே. பொறியாளர் வரைபடத்தில் போட்ட கம்பி ஒன்று, உங்கள் கூரையில் படுத்திருப்பது அதைவிட மெலிந்த வேறொன்று.

எடைக்கு வாங்கினால் இந்தக் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம்; அங்கே பிரச்சினை நேர்மாறாக வரும். சரியான எடையுள்ள 8 எம்.எம். கம்பி ஒரு டன்னுக்கு 211 வரும். ஒவ்வொரு கம்பியும் ஐந்து சதவீதம் கனமாக உருட்டப்பட்டிருந்தால், அது தரவரையறைக்கு உட்பட்டதே என்றாலும், டன்னுக்கு 201 கம்பிதான் வரும். கம்பி கட்டுபவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கூரையை முடிப்பார் என்பதால், பத்துக் கம்பி குறையும். மறுபடி கடைக்கு ஓட வேண்டும். எனவே எடை மேடைச் சீட்டையும் வாங்குங்கள், கம்பியையும் எண்ணுங்கள். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் சராசரி எடை தெரிந்துவிடும். அருகில் எடை மேடை இல்லாவிட்டால் துண்டுக் கம்பியிலிருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி, மளிகைக் கடை மின்தராசில் வையுங்கள், 8 எம்.எம். கம்பி 395 கிராம் காட்ட வேண்டும்.

கேள்வி: சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது மூட்டைக்கு 37 ரூபாய் இறங்கும் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 370 ரூபாய் மூட்டை 350-க்குத்தான் வந்தது. மீதி எங்கே போயிற்று? அடுக்கக வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கும் என் தங்கைக்கு, கட்டுமான நிறுவனம் இந்தக் குறைப்பைத் தருமா?
— வாசகர், தென்காசி

பதில்: முதலில் 37 ரூபாய்க் கணக்கைத் திருத்திக்கொள்வோம். 370 ரூபாய் என்பது வரி சேர்ந்த விலை. அதில் பத்து சதவீதத்தை நேராகக் கழிக்க முடியாது. 370-ஐ 1.28-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 289 ரூபாய். அதனுடன் 18 சதவீதம் சேர்த்தால் 341 ரூபாய். ஆகவே இறங்கியிருக்க வேண்டியது 29 ரூபாய், இறங்கியது 20. இப்போதைய 350-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்: வரிக்கு முந்தைய விலை ஏறக்குறைய 296 ரூபாய் 60 காசு. அதாவது 2025 செப்டம்பர் 22-இல் வரி இறங்கியதற்கும் நீங்கள் வாங்கியதற்கும் இடையில் அடிப்படை விலையில் ஏழரை ரூபாய் ஏறியிருக்கிறது. உங்கள் ஒன்பது ரூபாய் போன இடம் அதுதான். ஏற்றியது ஆலையா கடையா என்பது வரிக்கு முந்தைய விலையை மாதாமாதம் குறித்துவந்தால் ஓரளவு புலப்படும்.

சிமெண்ட் விலையை அரசு நிர்ணயித்த காலம் 1989-இல் முற்றாக முடிந்துவிட்டது. அதன் பிறகு விலை சந்தையின் கையில் என்கிறார்கள். அந்தச் சந்தை எப்படிப்பட்டது என்பதைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2012-லேயே ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறது. நிறுவனங்கள் கூடிப் பேசி விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தின என்று முடிவுசெய்து, பதினொரு சிமெண்ட் நிறுவனங்களுக்கு மொத்தம் 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்த ஆணை விலக்கப்பட்டு, 2016-இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதிக்க, 2018-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

தங்கையின் வீட்டைப் பொறுத்தவரை, கட்டிக்கொண்டிருக்கும் அடுக்கக வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வசூலிக்கப்படுகிறது, மலிவு விலை வீட்டுப் பிரிவுக்கு ஒரு சதவீதம். இந்த முறையில் கட்டுமான நிறுவனம் கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் செலுத்திய வரியை வரவு எடுத்துக்கொள்ள, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, முடியாது. அது முழுவதும் அதன் அடக்கச் செலவில் சேரும். ஆகவே சிமெண்ட் வரி குறைந்ததால் நிறுவனத்தின் செலவு மெய்யாகவே குறைந்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் விலை நிலையானது என்று எழுதியிருந்தால் அதைத் தரும்படி வற்புறுத்த வழி குறைவு. வரிக்குறைப்பின் பயனை மறுப்பது குறித்த புதிய புகார்களை ஏற்கும் ஏற்பாடும் 2025 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது. 1,000 சதுர அடிக்கு 400 மூட்டை, மூட்டைக்கு 29 ரூபாய் என்றால் 11,600 ரூபாய். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; அதற்காக வழக்கறிஞரிடம் போகச் சொல்ல மாட்டேன்.

தனி வீட்டை ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஒப்பந்ததாரரிடம் பொருளுடன் கொடுத்திருப்பவர்களின் நிலை வேறு. அவர் சிமெண்ட்டுக்குக் கட்டிய வரியை முன்பும் வரவு எடுத்துக்கொண்டிருந்தார் என்பதால், இந்தக் குறைப்பால் அவருக்குப் பெரிய இலாபமும் இல்லை, உங்களுக்குத் தர வேண்டியதும் அதிகமில்லை. பொருளை நீங்களே வாங்கி, கூலிக்கு மட்டும் ஆள் விட்டுக் கட்டும் தனி வீட்டுக்குக் கூலியின் மீது ஜி.எஸ்.டி. கிடையாது, சிமெண்ட் வரிக்குறைப்பு நேராகக் கைக்கு வருவது இந்த முறையில்தான்.

கேள்வி: கம்பிக்காவது உலகச் சந்தை என்று காரணம் சொல்லலாம். எங்கள் மாவட்டத்து மலையை உடைத்து எடுக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏன் ஏறுகின்றன? லாரியில் வருவது சொன்ன அளவுதானா என்பதை எப்படி அறிவது?
— வாசகர், நாமக்கல்

பதில்: உலகச் சந்தை இல்லாவிட்டாலும் டெல்லித் தீர்ப்பு ஒன்று உண்டு. 2024 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமங்களுக்குச் செலுத்தும் உரிமத்தொகை வரி ஆகாது என்றும், கனிமம் உள்ள நிலத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் கனிம வளம் கொண்ட நிலங்களுக்கான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த மாதமே கல்குவாரி, கிரஷர் (கல் உடைக்கும் ஆலை) உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், விலையும் ஏறியது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. மற்றொரு பக்கம், 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை நடத்திய சோதனைகளுக்குப் பின் ஆற்று மணல் குவாரிகள் முடங்கிப்போனதால், தேவையில் பெரும்பகுதி எம்-சாண்ட் பக்கம் சாய்ந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஜல்லியின் விலையில் பெரும்பகுதி லாரி வாடகை. கிரஷரிலிருந்து உங்கள் மனை எத்தனை கிலோமீட்டர் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. கிரஷர் விலை, வாடகை இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் உள்நீளத்தையும் உள்ளகலத்தையும், மணல் நிற்கும் உயரத்தையும் டேப்பால் அளந்து, மூன்றையும் பெருக்கி, நூறால் வகுத்தால் யூனிட். உள்நீளம் 14 அடி, அகலம் 7 அடி, உயரம் 3 அடி என்றால் 294 கன அடி; மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதே தொட்டியில் மணல் இரண்டரை அடி உயரமே நின்றால் 245 கன அடி. அரை அடி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரை யூனிட் போய்விட்டது. தொட்டியின் நடுவில் குவித்து ஓரங்களில் தாழ்த்தி வருவதே வழக்கம் என்பதால், ஒருவரை மண்வெட்டியுடன் மேலே அனுப்பிப் பரப்பச் சொல்லிவிட்டு, நான்கு மூலைகளிலும் நடுவிலும் கம்பியைச் செருகி உயரம் பாருங்கள். இறக்கிய பிறகு எவராலும் அளக்க முடியாது.

ஈரம் இன்னொரு கணக்கு. ஓரளவு ஈரமான மணல் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால், நுண்மணல் காய்ந்த நிலையைவிடக் கால் பங்கு வரை கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கழுவிய எம்-சாண்ட் ஈரமாகத்தான் வரும் என்பதால் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. எடைச் சீட்டையும் சேர்த்துக் கேட்பதுதான் வழி. ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து டன் இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், வந்திருப்பது எம்-சாண்ட் அல்லாமல், கிரஷரில் மிஞ்சும் டஸ்ட்டாக இருக்கலாம். ஒரு பிடி எடுத்து நீரில் கலக்கினால் நீர் நெடுநேரம் தெளியாது.

கேள்வி: எஃகு இறக்குமதிக்கு அரசு 12 சதவீதப் பாதுகாப்பு வரி விதித்ததால் கம்பி விலை ஏறும் என்கிறார்களே?
— வாசகர், ஆம்பூர்

பதில்: உள்நாட்டு ஆலைகளைக் காப்பதற்காக 2025 ஏப்ரலில் விதிக்கப்பட்ட அந்த இறக்குமதி வரி தட்டை எஃகுக்கு உரியது, அதாவது தகடுக்கும் சுருளுக்கும். கம்பி அதில் சேராது. கூரைக்குப் போடும் வண்ணத் தகடு, இரும்புக் கதவு, ஷட்டர், குழாய் ஆகியவற்றின் விலையில் அதன் சாயல் தெரியலாம். கம்பிக் கடைக்காரர் இந்த வரியைக் காரணம் காட்டினால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: விலை இறங்கியிருக்கும்போதே கம்பி, சிமெண்ட், செங்கல் அனைத்தையும் மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கம்பியை வாங்கலாம், அதுவும் மூன்று நான்கு மாதத் தேவைக்கு மட்டும், மரக்கட்டை மேல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி வைத்தால் லேசான செம்பூச்சுத் துருவைத் தவிர வேறொன்றும் ஆகாது. உதிரும் செதில் துரு வந்தால்தான் ஆபத்து. சிமெண்ட்டை வாங்கி வைக்கவே வேண்டாம்; மூன்று மாதத்தில் அதன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பார்கள், மழைக்காலத்தில் அதற்கும் முன்பே கட்டி தட்டிவிடும்.

செங்கல்லுக்கு மட்டும் காலம் பார்ப்பது பலன் தரும். வடகிழக்குப் பருவமழையில் பச்சைக் கல் காயாது, சூளை எரியாது. ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறுவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பது. உங்கள் மாவட்டத்தில் 2021-இல் தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் மூடப்பட்டதால் கல் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. மழைக்கு முன்பே சுவருக்கு வேண்டியதை இறக்கிக்கொள்வது நல்லது. இறக்குவதற்கு முன் இரண்டு கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து எடை பாருங்கள். மூன்று கிலோக் கல் 3.6 கிலோவுக்கு மேல் போனால் அது நீரை அளவுக்கு மீறிக் குடிக்கிறது என்று பொருள்; அந்த லோடு வேண்டாம்.

கேள்வி: ரசீது வேண்டாம் என்றால் கம்பியில் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நான்கு டன் வாங்குகிறேன். 12,000 ரூபாய் மிச்சம்தானே?
— வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: கிலோ 60 ரூபாய் என்றால் நான்கு டன்னுக்கு 2,40,000 ரூபாய்; அதனுள் இருக்கும் 18 சதவீத வரி சுமார் 36,600 ரூபாய். வரியைக் கட்டாமல் விடுவதில் உங்களுக்கு 12,000, அவர்களுக்கு 24,000-க்கும் மேல். ஆபத்து முழுவதும் உங்களுக்கு. கம்பி வளைக்கும்போது வெடித்தாலோ எடை குறைந்தாலோ, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிட உங்கள் கையில் ஒரு காகிதமும் இராது. ரசீதில் நிறுவனப் பெயர், தரம், விட்டம் வாரியாக எடை ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். ‘கம்பி 4 டன்’ என்று ஒற்றை வரியில் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். ஆலையின் சோதனைச் சான்றிதழில், எந்த உருக்கலில் வந்த கம்பி என்பதைக் காட்டும் வார்ப்பு எண் ஒன்று இருக்கும். கம்பிக் கட்டில் கட்டித் தொங்கும் அட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டு, அட்டையைக் கழற்றி ரசீதுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்; கட்டைப் பிரித்த பிறகு அந்த அட்டை கிடைக்காது.